மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை: அக்குளில் கத்தி வைக்கும்போது கையைக் காப்பது எப்படி?

தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையில் இடது கை சுலபமாக நுழைகிறது. வலது கை முழங்கைக்கு மேல் ஏற மறுக்கிறது. எப்போதும் போடும் வளையல் மணிக்கட்டில் தடம் பதிக்கிறது. மோதிரத்தைக் கழற்றச் சோப்பு தேவைப்படுகிறது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பெண்களில் பலர், தங்கள் கையில் ஏதோ மாற்றம் நேர்ந்திருக்கிறது என்பதை முதலில் உணர்வது இப்படித்தான்.

நோய் குணமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்த பிறகு இந்த வீக்கம் தலைகாட்டுவதால் பலர் பயந்து போகிறார்கள். "திரும்பவும் புற்றுநோய் வந்துவிட்டதோ?" என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது. பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை அறுவைச் சிகிச்சையில் அகற்றியதன் பின்விளைவு அது. ஆனாலும், புதிதாக வரும் வீக்கத்தை மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

இந்தப் பின்விளைவைத் தவிர்க்க முடியாத விதி என்று ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. "உயிர் பிழைத்ததே பெரிது, கை வீங்கினால் என்ன?" என்று சொன்னவர்களும் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறிவிட்டது. புற்றுநோயையும் அகற்ற வேண்டும், கையையும் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கில் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பல உத்திகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவை என்ன, யாருக்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் பெண், தன் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

அக்குளில் என்ன இருக்கிறது?

இரத்தக் குழாய்களைப் போலவே உடல் முழுவதும் நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. திசுக்களில் தேங்கும் நீரையும் புரதங்களையும் கழிவுகளையும் அவை திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் ஆங்காங்கே இருக்கும் சிறு முடிச்சுகள் வடிகட்டிகளைப் போன்றவை. கிருமிகளையும் வழி தவறிய புற்றணுக்களையும் அவை பிடித்து நிறுத்துகின்றன.

அக்குளில் ஏறத்தாழ 20 முதல் 30 முடிச்சுகள் இருக்கும். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். மார்பகத்திலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி இங்குதான் வந்து சேர்கிறது. சிக்கல் என்னவென்றால், கையிலிருந்து வரும் நிணநீரும் இதே அக்குள் வழியாகத்தான் போகிறது. இரண்டு தோட்டங்களின் தண்ணீர் ஒரே வாய்க்காலில் கலப்பது போன்ற நிலை. மார்பகத்துக்காக வாய்க்காலைத் தோண்டி எடுத்தால், கையின் வடிகாலும் அடைபடலாம்.

மார்பகப் புற்றுநோய் பரவும்போது முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் ஒன்று இந்த அக்குள் முடிச்சுகள். அதனால்தான் மார்பகத்தில் நடக்கும் அறுவைச் சிகிச்சையோடு அக்குளும் சேர்ந்து பேசப்படுகிறது.

அதிகம் வெட்டினால் அதிகம் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் அதன் அடியில் உள்ள மார்புத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் ஒன்றாகச் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். புற்றுநோய் ஒரே ஒழுங்கில், மார்பகத்திலிருந்து முடிச்சுகளுக்கும் அங்கிருந்து உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவுகிறது என்ற கருத்தே அதற்கு அடிப்படை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு அந்த முறை கோலோச்சியது. அதற்கு உட்பட்ட பெண்களில் பலர் வீங்கிய கையோடும் குழி விழுந்த மார்போடும் வாழ்ந்தார்கள்.

பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் இதைக் கேள்வி கேட்டார். அவரது குழு 1971இல் தொடங்கிய ஆய்வு, அக்குளில் நெறி தட்டுப்படாத பெண்களைப் பல பிரிவுகளாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் சிகிச்சை அளித்தது. 25 ஆண்டுகள் கழித்தும் உயிர் பிழைக்கும் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2002இல் வெளியான முடிவு கூறியது. அதிகம் வெட்டியதால் அதிகம் பேர் பிழைக்கவில்லை. இன்றைய மென்மையான அறுவைச் சிகிச்சைகளுக்கெல்லாம் இந்தப் பாடமே அடித்தளம்.

என்னென்ன சிக்கல்கள் வரலாம்?

அக்குள் முடிச்சுகளை அகற்றிய பிறகு வரக்கூடியது கை வீக்கம் மட்டுமல்ல.

முதல் சில வாரங்களில் அதிகம் தொல்லை தருவது நீர்க்கோவை. முடிச்சுகளை எடுத்த இடத்தில் வெற்றிடம் ஏற்பட, அதில் நீர் சேர்ந்து பை போலத் தொங்கும். சில பெண்கள் ஊசியால் நீரை எடுப்பதற்கென்றே பல முறை மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருக்கும். புண் ஆறுவது தாமதமானால் அடுத்து வரவேண்டிய கீமோதெரபியும் கதிரியக்கச் சிகிச்சையும் தள்ளிப்போகலாம்.

அடுத்தது மரத்துப் போதல். மேற்கையின் உட்புறத்துக்கு உணர்வு கொடுக்கும் மெல்லிய நரம்பு அக்குளின் குறுக்கே ஓடுகிறது. அது அறுபட்டால் அந்த இடம் மரத்துப் போகும். சிலருக்கு எரிச்சலும் குத்தலும் நீடிக்கும்.

தோள்பட்டையை அசைக்கும் நரம்புகள் இரண்டு அதே பகுதியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டால் தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இது அரிதானது. அதைவிட அதிகம் காணப்படுவது தோள் இறுக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போவது. சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு இழுத்துக் கட்டியது போன்ற நாண்கள் தோன்றும். இவை பயமுறுத்தினாலும் பெரும்பாலும் பயிற்சியால் சரியாகிவிடும்.

நீண்ட காலத்துக்கு வாட்டுவது நிணநீர் வீக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அக்குள் முடிச்சுகளை முழுமையாக அகற்றிய பெண்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குக் கை வீக்கம் வருகிறது. ஒரு சில முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வீக்கம் தோன்றும் என்றாலும், பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும்.

ஐந்து பேரில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. அந்த ஒருவர் மாவு பிசைந்து பிழைப்பு நடத்துபவராக இருக்கலாம். தொழிற்சாலையில் நாள் முழுவதும் கையால் வேலை செய்பவராக இருக்கலாம். பேரக் குழந்தையைத் தூக்கி வளர்ப்பவராக இருக்கலாம்.

முதல் உத்தி: காவல் முடிச்சை மட்டும் சோதிப்பது

சிக்கலைக் குறைக்கச் சிறந்த வழி, தேவையில்லாததை எடுக்காமல் விடுவது. அதற்கு வழி திறந்தது காவல் முடிச்சுச் சோதனை.

மார்பகத்தில் உள்ள கட்டியிலிருந்து நிணநீர் முதலில் எந்த முடிச்சைச் சென்றடைகிறதோ, அதுவே காவல் முடிச்சு. வீட்டு வாசலில் நிற்கும் காவலரைப் போல. திருடன் உள்ளே நுழைந்தால் முதலில் வாசலைத்தான் கடந்திருக்க வேண்டும். காவல் முடிச்சில் புற்றணு இல்லையென்றால் அதற்குப் பின்னால் உள்ள முடிச்சுகளிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மார்பகப் புற்றுநோயில் இந்த முறையை 1993இல் டேவிட் கிராக் குழுவினர் கதிரியக்கப் பொருளைக் கொண்டும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ குழுவினர் நீலச் சாயத்தைக் கொண்டும் செய்து காட்டினார்கள். இன்றும் இவை இரண்டுமே பயன்படுகின்றன. முலைக்காம்பைச் சுற்றியுள்ள பகுதியிலோ கட்டிக்கு அருகிலோ சிறிதளவு மருந்தைச் செலுத்துவார்கள். அது நிணநீரோடு பயணம் செய்து காவல் முடிச்சில் தங்கும். கையடக்கக் கருவி கதிரியக்கத்தைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும். அல்லது முடிச்சு நீல நிறத்தில் தெரியும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று முடிச்சுகளே எடுக்கப்படும்.

நீலச் சாயம் ஏற்றிய மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகலாம், பயப்படத் தேவையில்லை. மிக அரிதாக ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால் மருத்துவக் குழு தயாராக இருக்கும். இப்போது பச்சை நிறத்தில் ஒளிரும் சாயமும், காந்தக் கருவியால் கண்டறியக்கூடிய இரும்புத் துகள் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. கதிரியக்க மருத்துவப் பிரிவு இல்லாத மருத்துவமனைகளுக்கு இவை உதவியாக உள்ளன.

பிரிட்டனில் 1,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, இந்த முறையின் பலனைத் தெளிவாகக் காட்டியது. ஓராண்டு முடிவில் வழக்கமான அக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்குக் கை வீங்கியிருந்தது. காவல் முடிச்சுச் சோதனை மட்டும் செய்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கே வீங்கியது. மரத்துப் போதல் 31 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகக் குறைந்தது. உயிர் பிழைக்கும் வாய்ப்பு இதனால் குறைகிறதா என்ற சந்தேகத்துக்கு, 5,600க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2010இல் பதில் தந்தது: காவல் முடிச்சு சுத்தமாக இருந்தால், மீதியை எடுத்தாலும் விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பில் வேறுபாடு இல்லை.

முடிச்சில் புற்றணு இருந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா?

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. காவல் முடிச்சில் புற்றணு இருந்தால்?

முன்பெல்லாம் பதில் ஒன்றுதான்: அக்குளை முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அந்தப் பதிலை அசைத்துப் பார்த்தது. 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி, மார்பகத்தை முழுமையாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும் சிகிச்சை, அதற்குப்பின் மார்பகம் முழுவதற்கும் கதிரியக்கம், ஒன்று அல்லது இரண்டு காவல் முடிச்சுகளில் மட்டும் புற்றணு. இந்த நிலையில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு மீதி முடிச்சுகளை எடுத்தார்கள், பாதிப் பேருக்கு எடுக்கவில்லை. பத்தாண்டு முடிவில், எடுக்காதவர்களில் 86.3 விழுக்காட்டினரும் எடுத்தவர்களில் 83.6 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். எடுக்காமல் விட்டதால் பாதிப்பு இல்லை.

ஐரோப்பாவில் நடந்த வேறொரு பெரிய ஆய்வு, அக்குளை வெட்டுவதற்குப் பதிலாகக் கதிரியக்கம் கொடுத்துப் பார்த்தது. 2014இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, ஐந்தாண்டுகளில் அக்குளில் நோய் திரும்புவது இரண்டு பிரிவுகளிலும் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் கை வீக்கம் வெட்டியவர்களில் 23 விழுக்காடு, கதிரியக்கம் பெற்றவர்களில் 11 விழுக்காடு. மார்பகத்தை முழுமையாக அகற்றிய பெண்களையும் சேர்த்துக்கொண்டு நடந்து 2024இல் வெளியான ஆய்வும், ஒன்றிரண்டு காவல் முடிச்சுகளில் புற்றணு இருந்தால் மீதியை விட்டுவைக்கலாம் என்பதை உறுதி செய்தது.

இன்னும் ஒரு படி மேலே போய், மிகச் சிறிய கட்டியும் ஸ்கேனில் சுத்தமான அக்குளும் உள்ள பெண்களுக்குக் காவல் முடிச்சைக்கூடத் தொட வேண்டாமா என்று ஐரோப்பிய ஆய்வுகள் கேட்டன. 2023, 2024ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் சாதகமாகவே உள்ளன. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. வயது, கட்டியின் வகை, அடுத்து தரப்போகும் மருந்து ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். சில நேரங்களில் முடிச்சின் நிலை தெரிந்தால்தான் எந்த மருந்து தேவை என்பதே தெரியும்.

கீமோ முதலில், கத்தி பிறகு

அக்குளில் நெறி கட்டிய நிலையில் வரும் பெண்களுக்கு என்ன வழி? அவர்களில் பலருக்கு இப்போது கீமோதெரபியை முதலில் கொடுத்து, அறுவைச் சிகிச்சையைப் பிறகு செய்கிறார்கள். சில வகைப் புற்றுநோய்களில் மருந்தே முடிச்சுகளில் உள்ள புற்றணுக்களை அழித்துவிடுகிறது. அப்படி அழிந்துவிட்டால் அக்குளை முழுமையாகச் சுத்தம் செய்ய வேண்டிய தேவை குறையலாம்.

ஆனால் அழிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கீமோவுக்குப் பிறகு காவல் முடிச்சை மட்டும் பார்த்தால் சில நேரம் தவறான நம்பிக்கை கிடைத்துவிடும். அதற்காகவே ஓர் எளிய உத்தி வந்தது. கீமோ தொடங்கும் முன்பே, புற்றணு இருப்பது உறுதியான முடிச்சுக்குள் அரிசி மணியைவிடச் சிறிய உலோகக் கிளிப் ஒன்றை வைத்துவிடுவார்கள். கீமோ முடிந்ததும் அறுவைச் சிகிச்சையில் காவல் முடிச்சுகளோடு, அந்தக் கிளிப் உள்ள முடிச்சையும் தேடி எடுப்பார்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், காவல் முடிச்சை மட்டும் பார்த்தபோது ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த தவறு, கிளிப் வைத்த முடிச்சையும் சேர்த்துப் பார்த்தபோது 2 விழுக்காடாகக் குறைந்தது.

இந்தக் கிளிப் கீமோவுக்கு முன்பே வைக்கப்பட வேண்டும் என்பதுதான் முக்கியம். கீமோவில் முடிச்சு சுருங்கிவிட்டால், பிறகு அதை அடையாளம் காண்பது சிரமம்.

முழுமையாக எடுத்தே ஆக வேண்டிய நிலையில்

இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகும் அக்குளை முழுமையாகச் சுத்தம் செய்தே தீர வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். பல முடிச்சுகளில் நோய் பரவியவர்கள், கீமோவுக்குப் பிறகும் முடிச்சில் புற்றணு மிஞ்சியவர்கள் போன்றோர். மலேசியாவில் இந்தப் பிரிவினர் குறைவல்ல. நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்காகவே அறுவைச் சிகிச்சை மேசையில் செய்யக்கூடிய உத்திகள் பல உள்ளன.

எல்லையை மீறாமல் எடுப்பது: அக்குள் முடிச்சுகளை மார்பின் சிறு தசையை அடையாளமாக வைத்து மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். பொதுவாகக் கீழ் அடுக்கும் நடு அடுக்கும் எடுக்கப்படும். மேல் அடுக்கில் நோய் தெளிவாகத் தெரிந்தால் தவிர அதைத் தொடுவதில்லை. அக்குளின் பெரிய இரத்தக் குழாய்க்கு மேலே போகாமல் இருப்பது கையின் வடிகாலைக் காப்பாற்றும்.

நரம்புகளைக் காப்பது: தோளை அசைக்கும் இரண்டு நரம்புகளையும் கண்டுபிடித்துப் பாதுகாப்பது கட்டாயம். உணர்வு நரம்பையும் முடிந்தவரை அறுக்காமல் ஒதுக்கிவைத்தால் மரத்துப் போதல் குறையும். நோய் அந்த நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்தால் விட்டுவைக்க முடியாது.

வெற்றிடத்தை மூடுவது: நீர்க்கோவைக்குக் காரணம் தோலுக்கும் தசைக்கும் இடையே உருவாகும் வெற்றிடம். மெத்தையைத் தைப்பது போல, தோலின் உட்புறத்தை அடியில் உள்ள தசையோடு வரிசையாகத் தையல் போட்டு இணைத்தால் நீர் சேர இடமில்லாமல் போகிறது. இந்த முறை நீர்க்கோவையைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். வேறு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

வடிகுழாய்: நீர் வெளியேற ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையில் சிறு குப்பி மாட்டி அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் வரும் நீர் 30 மில்லிலிட்டர் அளவுக்குக் குறைந்ததும் குழாயை எடுப்பார்கள். வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

கையின் குழாய்களுக்கு வண்ணம்: 2007இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இந்த எண்ணம் தோன்றியது. மார்பகத்தின் வடிகாலை ஒரு மருந்தால் அடையாளம் காண முடியுமென்றால், கையின் வடிகாலை வேறொரு சாயத்தால் அடையாளம் காணலாமே? மேற்கையில் நீலச் சாயம் ஏற்றினால் கையிலிருந்து வரும் குழாய்களும் முடிச்சுகளும் நீலமாகத் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எடுக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நோய் அதிகம் பரவியவர்களுக்குக் கையின் முடிச்சுகளிலும் புற்றணு இருக்கலாம். அப்போது அவற்றை விட்டுவைப்பது ஆபத்து. இதனால் இந்த முறையை யாருக்குச் செய்வது என்று நிபுணர்கள் கவனமாகவே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அறுந்த குழாயை அப்போதே இணைப்பது: கையின் நிணநீர்க் குழாயை அறுத்தே ஆக வேண்டும் என்றால், அதை அங்கேயே அருகில் உள்ள சிறு இரத்த நாளத்தோடு இணைத்துவிடலாம். இத்தாலியின் ஜெனோவா நகரில் பிரான்செஸ்கோ பொக்கார்டோ குழுவினர் 2009இல் இந்த முறையை அறிவித்தார்கள். வாய்க்காலை அடைக்க வேண்டி வந்தால் பக்கத்து ஓடையில் திருப்பிவிடுவது போன்றது இது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நடந்துவரும் ஆய்வின் முதற்கட்ட முடிவு 2023இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் இணைப்பு செய்தவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் கை வீக்கம் வந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் நுண்ணறுவைச் சிகிச்சையில் தேர்ந்த நிபுணரும் சிறப்பு நுண்ணோக்கியும் தேவை என்பதால் எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைக்காது.

வீங்கிவிட்டால் வழியே இல்லையா?

உண்டு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தொடக்கத்தில் கையை அழுத்தினால் குழி விழும். உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். நாட்பட்டால் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

அளவெடுத்துச் செய்த அழுத்தக் கையுறை, அடுக்கடுக்கான கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு ஆகியவையே முதல் கட்டச் சிகிச்சை. இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் கை வீங்கினால் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடும் பழக்கம் உண்டு. நிணநீர் வீக்கத்துக்கு அது சரிவராது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கும் மெல்லிய குழாய்கள். பலமான அழுத்தம் அவற்றைப் பாதிக்கலாம். சிகிச்சையாளர் செய்யும் வடிப்பு, தோலை வருடுவது போல அவ்வளவு மென்மையாக இருக்கும்.

இதில் குணம் தெரியாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வழிகளும் உள்ளன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள நிணநீர்க் குழாயைச் சிறு இரத்த நாளத்தோடு இணைக்கும் முறையை ஜப்பானின் இசாவ் கோஷிமா மேம்படுத்தினார். உடலின் வேறு பகுதியிலிருந்து நிணநீர் முடிச்சை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து அக்குளிலோ கையிலோ பொருத்தும் முறையும் உண்டு. கொழுப்பு சேர்ந்து கெட்டிப்பட்ட கைக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை உதவும். ஆனால் அதன் பிறகும் அழுத்தக் கையுறையைத் தொடர்ந்து அணிய வேண்டும்.

பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது?

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு உறவினர் சொல்லும் முதல் அறிவுரை. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள பெண்கள் பயிற்றுநரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கிப் பயிற்சி செய்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, திடீரென்று மோசமாகும் நிலை குறையவே செய்தது. விரல்களையும் முழங்கையையும் அசைக்கும் எளிய பயிற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். தோளை முழுமையாக உயர்த்தும் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்வார். மிகச் சீக்கிரம் தொடங்கினால் வடியும் நீரின் அளவு கூடலாம்.

அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, விமானத்தில் போகக்கூடாது என்ற பயங்களும் நெடுநாளாக உள்ளன. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இவற்றுக்கும் கை வீக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. வாய்ப்பு இருந்தால் மறு கையைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவசரத்தில் அந்தக் கையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்று மனம் கலங்க வேண்டியதில்லை.

அதே ஆய்வு, உண்மையில் அபாயத்தைக் கூட்டுபவை எவை என்பதையும் காட்டியது. முழுமையான அக்குள் அறுவைச் சிகிச்சை, நிணநீர்ப் பகுதிக்குக் கொடுக்கும் கதிரியக்கம், அதிக உடல் எடை, கையில் ஏற்படும் தோல் தொற்று. முதல் இரண்டும் மருத்துவரின் கையில். பின்னிரண்டில் நம் பங்கு உண்டு. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்த செய்தி. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் சிறு வெட்டுக்காயமும் எளிதில் தொற்றாக மாறும். செடி வெட்டும்போது கையுறை, அடுப்பில் சூடு படாமல் கவனம், நகத்தைச் சுற்றியுள்ள தோலைப் பிய்க்காமல் இருப்பது, தோல் வறண்டு வெடிக்காமல் ஈரப்பசைக் களிம்பு என எளிய பழக்கங்களே போதும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறுவைச் சிகிச்சைத் தேதி குறிக்கும் நாளில் பெரும்பாலான பெண்களுக்குக் கேள்வி எதுவும் தோன்றாது. பதற்றம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும். கூட வரும் கணவரோ மகளோ தங்கையோ ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

எனக்குக் காவல் முடிச்சுச் சோதனை போதுமா, அல்லது எல்லா முடிச்சுகளையும் எடுக்க வேண்டுமா? ஏன்?

முதலில் கீமோ கொடுத்தால் அக்குள் சிகிச்சையைக் குறைக்க முடியுமா? அப்படியென்றால் முடிச்சில் கிளிப் வைப்பீர்களா?

வெட்டுவதற்குப் பதிலாகக் கதிரியக்கம் எனக்குப் பொருந்துமா?

நீர்க்கோவை வராமல் தடுக்க என்ன செய்வீர்கள்?

இப்போதே இரண்டு கைகளின் சுற்றளவையும் அளந்து குறித்துவைப்பீர்களா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த அளவு இருந்தால்தான், பிறகு கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். அளவுநாடாவே போதும், வீட்டிலும் மாதம் ஒரு முறை ஒரே இடங்களில் அளந்து எழுதிவரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் உண்மை ஒன்று உண்டு. கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்து சேரும் பெண்ணுக்குத்தான் இந்த மென்மையான வழிகள் அத்தனையும் திறந்திருக்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெண்களிடையே முதலிடத்தில் உள்ள புற்றுநோய் இதுதான். சிங்கப்பூரில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மேமோகிராம் செய்துகொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். கட்டி தட்டுப்பட்டும் வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதும், நாட்டு மருந்தில் கரைந்துவிடும் என்று காத்திருப்பதும் உயிருக்கு மட்டுமல்ல, கைக்கும் கேடு. ஆறு மாதத் தாமதம் ஒரு முடிச்சோடு நிற்க வேண்டிய அறுவைச் சிகிச்சையைப் பத்துப் பதினைந்து முடிச்சுகள் வரை கொண்டுபோய்விடக்கூடும்.

அடுத்த தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, இரண்டு கைக்கும் ஒரே அளவு சொல்ல முடிவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த வழியில் நடந்து வந்த பெண்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.